பேருக்குச் சொத்துக்காரி

கடம்பத்தூர்ப் பக்கம் எங்கள் தெருவில் என்னைப்போல் அதிர்ஷ்டக்காரி யாரும் இல்லை. ஒழுகாத கூரை கிடையாது, ஆனால் இரண்டு ஏக்கர் நஞ்சை என் பேரில் இருந்தது. எல்லாம் பேருக்குத்தான்.

எழுபதுகளின் தொடக்கம். ஓர் அளவுக்கு மேல் நிலம் வைத்திருந்தால் மிச்சத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்று உச்சவரம்புச் சட்டம் இறுகிக்கொண்டிருந்தது. நான் கூலிக்கு நடவு நட்ட நிலத்தின் சொந்தக்காரர், என்னைத் திருவள்ளூர் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், நாஷ்டா வாங்கிக் கொடுத்து, இரண்டு ஏக்கரை என் பேருக்குக் கிரயம் செய்தார். பத்திரம் அவர் பெட்டியில், நெல் அவர் களத்தில். எனக்கு வழக்கமான கூலி. நான் இட்லி தின்றதோடு சரி.

பிறகு ஒரு நாள் கணக்கெடுப்புக்காரர் வந்தார். நாட்டில் எந்த வீட்டில் எவ்வளவு சொத்து, யாரிடம் குவிந்திருக்கிறது, யாரிடம் இல்லை என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டுமாம். நிலத்தைப் பிடுங்க வரவில்லை என்று அவர் சொன்னதை நிலக்காரர் நம்பவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? அவரும் பின்னாலேயே வந்து எங்கள் வாசலில் நின்றார். அதற்குமுன் எங்கள் தெருவில் அவர் கால் வைத்ததே இல்லை.

கணக்கெடுப்புக்காரர் இரண்டு அலுமினியக் குண்டானையும் ஓர் ஆட்டையும் எழுதிக்கொண்டார். "நிலம் ஏதாவது உண்டாம்மா?"

நிலக்காரர் முந்திக்கொண்டார். "ரெண்டு ஏக்கர் கீது சார், அவுளுதுதான். சொல்லேன், இன்னா முழிச்சிக்கினு நிக்கிற?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடையது என்று சொன்னால் நாளைக்கு வேலை இல்லை. என்னுடையது என்றால் அவர் தப்பித்துவிடுவார், நான் கூலிக்காரியாகவே கிடப்பேன். சரி, பொய்தான் சொல்ல வேண்டுமென்றால் பாதியில் ஏன் நிறுத்த வேண்டும்?

"என்னுதுதான் சார்."

"விளைச்சல் யாருக்கு?"

"எனக்குத்தான். இப்ப நிக்கிற நெல்லும் என்னுதுதான். அவருக்கு அதுல எதுனா பங்கு கீதான்னு அவரையே கேளுங்க."

கேட்டார். நிலக்காரர், "எனக்கு இன்னா சார் பங்கு?" என்றார். கூடியிருந்த தெருவே அதைக் கேட்டது.

தில்லியில் கூட்டல் போடுகிறவர்கள் என் இரண்டு ஏக்கரையும் சேர்த்து, ஏழைகளிடமும் நிலம் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஊர் ஊராக இப்படி எத்தனை பேரோ. என் வீட்டுக் கணக்காவது பொய்யாகப் போகக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அறுவடைக்கு நிலக்காரரின் ஆட்களுக்கு முன்னால் எங்கள் தெருப் பெண்களோடு நான் வயலில் இறங்கினேன். அவர் வரப்பில் நின்று கத்தினார்.

"யாரைக் கேட்டு அறுக்குற? பத்திரச் செலவு பண்ணது யாருடி?"

அன்றுவரை அவரை 'ஆண்டே' என்று கும்பிட்டுக் கூப்பிட்டவள் நான்.

"கோர்ட்டுக்குப் போ நைனா. சட்டத்துக்குப் பயந்துகினு கூலிக்காரி பேர்ல எழுதுனேன்னு ஜட்ஜாண்ட சொல்லு."

அவர் போகவில்லை. எப்படிப் போவார்?

நெல்லை வீட்டுக்கே தூக்கி வந்தோம். உள்ளே அடுக்கியதும் எங்களுக்குப் படுக்க இடமில்லை. நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் தெருவில் பாய் விரித்துப் படுத்தோம்.