உயிரோடிருப்பவருக்கு ஒரு கறுப்பு அட்டை

அந்தப் படத்தை அழிக்கவும் எனக்குப் பயம், திறந்து பார்க்கவும் பயம். அச்சகத்துக் கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் அப்படியே கிடக்கிறது.

தென்காசியில் ஒரு சின்ன அச்சகத்தில் நான் டிசைனர். எங்கள் முதலாளி மேளம், வில்லிசை, கரகாட்டக் கலைஞர்களுக்காக ஒரு மாத இதழ் நடத்துகிறார். கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் ஆள் பிடிப்பார்கள். அதன் அட்டை எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பின்னால் கோபுரம், இரண்டு பக்கமும் மயில், நடுவில் பட்டுச் சட்டையும் நெஞ்சு நிறைய மெடலுமாகக் கலைஞர், காலடியில் தாமரை. ஒரு விரற்கடை இடம் காலியாக இருந்தாலும் முதலாளிக்குப் பொறுக்காது. "இங்கன ஒரு பூவப் போடும்மா" என்பார். மயில் போட்டுப் போட்டு நான் வெறுத்துப் போயிருந்தேன்.

ஆனி மாத இதழுக்கு இலஞ்சியில் இருக்கும் நாதஸ்வர அண்ணாச்சியை அட்டையில் போடுவதாக முடிவானது. நெஞ்சுவலி வந்து, ஸ்டென்ட் வைத்து, நாலு மாதம் வீட்டில் கிடந்தவர். மறுபடி ஊத ஆரம்பித்திருந்தார். ஆனாலும் இனி அவரால் முடியாது என்று ஊரில் பேச்சு. ஆடிக் கொடைக்கு ஒரு கமிட்டிகூடக் கூப்பிடவில்லை. ஆள் வந்துவிட்டார் என்று அந்த அட்டைதான் சொல்ல வேண்டும்.

சாரல் நன்றாக விழுகிறதென்று முதலாளி குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விட்டார். பொறுப்பு என் கைக்கு வந்தது. வெளிநாட்டு ராக் இதழ்களின் அட்டைகளைப் போனில் பார்த்துப் பார்த்து ஏங்கியவள் நான். முழுக் கறுப்பு, ஒரே ஒரு முகம், அவ்வளவுதான். அண்ணாச்சி லயித்து ஊதும் படத்திலிருந்து நாதஸ்வரத்தை வெட்டிவிட்டு, மூடிய கண்ணும் வியர்த்த நெற்றியும் மட்டும் வைத்தேன். நிறத்தை எடுத்தேன். கீழே வெள்ளை எழுத்தில் அவர் பெயர். இதழின் பெயரை ஓரத்தில் சின்னதாக ஒதுக்கினேன். மயிலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

இத்தனைக்கும் நான் பாதி நாள் அடிப்பது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்! கறுப்பும் வெள்ளையும் தினம் புழங்கும் கை. அன்றைக்கு என் புத்தி எங்கே மேயப் போனதோ.

இதழ் வந்ததும் அட்டையைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டுவது எங்கள் வழக்கம். ஒட்டுகிறவர் மறுநாள் காலையில் வந்து, "ஒட்டியாச்சும்மா. பாவம், தங்கமான மனுசன்" என்றார்.

"எங்கன ஒட்டுனீய?"

"துட்டிப் போஸ்டர் ஒட்டுத சுவத்துலதான். அவிய வீட்டு முக்குலயும் ரெண்டு ஒட்டியிருக்கு."

துட்டி என்றால் சாவு; என் அட்டையை அவர் சாவுப் போஸ்டர் என்றே நினைத்துவிட்டார். திடுக்கிடும்படி எதையும் அண்ணாச்சி காதில் போடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். அவர் வீட்டுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். சாரலில் நனைந்தபடி ஸ்கூட்டியை இலஞ்சிக்கு விட்டேன். பூக்கடையில் ஒருவர் பெரிய மாலையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அது யாருக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. தெரு முக்கில் போஸ்டரைப் பார்த்து இருவர் நின்றார்கள். "போன வாரம்தானலே சந்தையில பேசிக்கிட்டிருந்தாவ" என்றார் ஒருவர். அம்மா தாயே, அவர் இதைப் பார்த்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன்.

வீட்டு வாசலில் செருப்புக் குவியல். உள்ளே ஒரு பெண் அழும் சத்தம். வண்டியை விட்டு இறங்க முடியவில்லை. நான்தான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

அண்ணாச்சியின் சம்சாரம், எனக்கு மதினி, வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டார். "வாட்டி வா, உன்னையத்தான் தேடுதோம். உயிரோட இருக்க மனுசனுக்கு ஊரே துட்டி கேக்க வந்திருக்கு!"

உள்ளே அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் யாரோ கொண்டுவந்த மாலை. சிவகிரியிலிருந்து பஸ்ஸில் அழுதுகொண்டே வந்த அவருடைய அக்கா, அவர் கையைப் பிடித்தபடி இன்னும் அழுதுகொண்டிருந்தார். மாலையோடு வந்து மாட்டிக்கொண்ட கீழப்பாவூர் கமிட்டிக்காரர், முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஆடிக் கொடைக்கு ஊத வரச் சொல்லிப் பேச்சை ஆரம்பித்திருந்தார்.

"நீதான் அடிச்சியா?" என்றார் அண்ணாச்சி.

தலையாட்டினேன். அவர் இதழைத் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான்ட்டி இருக்கு. ஊதும்போது நான் இப்படியா இருக்கேன்? எனக்கு ஒண்ணுன்னா இதையே போட்டுரு. மயிலு கியிலுன்னு போட்டுராத."

எல்லோரும் சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை. காப்பித் தம்ளரை டக்கென்று வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

அடுத்த இதழில் மயில் திரும்பி வந்தது. அண்ணாச்சி அந்த ஆடியில் ஐந்து ஊருக்கு ஊதினார். ஆனால் அவர் வீட்டு எண் போனில் வந்தால் எடுக்க எனக்கு இன்றும் பயம். அவருக்கும் அது தெரியும். எடுத்ததுமே "நாந்தான் பேசுதேன்ட்டி" என்பார்.

போன வாரம் அந்த எண்ணிலிருந்து மதினி பேசினார். "ஏட்டி" என்ற குரலைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன். கொழுக்கட்டை அவித்திருக்கிறாராம், வந்து வாங்கிப் போகச் சொன்னார்.

"அண்ணாச்சி எங்க மதினி?"

"ஊதிக்கிட்டிருக்காவ. உனக்குக் கேக்கலயா?"

கேட்டது. போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அவர் கேட்டுவைத்த படம் அந்த மூலையிலேயே இருந்தது.