புறப்படுகிறவனுக்கு நூடுல்ஸ்

சோங் ஷூலின் பயிற்சித்தளத்தை விட்டுப் போன அன்று தெற்கத்தி மலையூரான குன்மிங்கில் காலையிலிருந்தே தூறிக்கொண்டிருந்தது. டிராகன் தலை தூக்கும் நாள் கழிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வடக்கேயிருந்து வந்திருந்த டாலியன் கால்பந்து அணி மொத்தமும் மொட்டைத் தலையோடு திரிந்தது. சந்திர ஆண்டின் முதல் மாதம் முழுக்க வடக்கத்திக்காரர்கள் தலையில் கத்தி பட விடமாட்டார்கள். பட்டால் தாய்மாமனுக்கு ஆகாது. இரண்டாம் மாதம் பிறந்து டிராகன் தலை தூக்கிய பிறகுதான் முடிவெட்டுகிறவன் முன்னால் வரிசையாக உட்காருவார்கள். எல்லாவற்றுக்கும் வழி செய்தவை அந்த மொட்டைகள்தான்.

ரயிலடிக்குப் போகும் வேன் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. ஷூலின் ஜன்னலோரம் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்தான். லுவான் டெச்செங் சமையற்கட்டிலிருந்து ஓடி வந்தான். ஷூலினைவிட ஒரு வயது இளையவன். நான்கு வருடமாக இருவருக்கும் ஒரே அறை. அவன் கையில் மூடி போட்ட எனாமல் குவளை, உள்ளே ஆவி பறக்கும் அரிசி நூடுல்ஸ். தளத்தின் தெற்கத்திச் சமையல்காரரிடம் அன்றைக்கு வேறு எதுவும் இல்லை.

வாசலில் நின்ற கோல்கீப்பர் குவான் குவளைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஏன்டா லுவான், போறவனுக்குக் கொழுக்கட்டை, வர்றவனுக்கு நூடுல்ஸ். உங்க வீட்ல இதுகூடச் சொல்லித் தரலியா? இதைத் தின்னா கால்ல கயிறு கட்டின மாதிரி. இவன் இனிமே இங்கேருந்து போகவே மாட்டான் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். லுவான் குவளையைப் பின்னுக்கு இழுத்தான். ஷூலின் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

"சூடா இருக்குல்ல தம்பி, அது போதும்" என்றான். "ஒரு மாசம். நெஞ்சு சரியானதும் வந்துடறேன்."

வேன் போய்விட்டது.

அவன் நெஞ்சு ஏன் கெட்டது என்று அங்கே மூன்று பேருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் லீக் தொடங்குமுன் எல்லா அணிகளின் ஆட்டக்காரர்களும் மலைமேல் ஒரு ஓட்டத் தேர்வு எழுதியாக வேண்டும். தேர்வு என்றால் பேனா இல்லை, கால்தான். குறித்த நேரத்துக்குள் குறித்த தூரம் ஓடாதவனுக்கு அந்த வருடம் முழுக்கக் களம் கிடையாது. எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனாக இருந்தாலும் வீட்டுக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். லுவானின் இடது காலில் பந்து ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் காற்று மெலிந்த அந்த உயரத்தில் பாதித் தூரத்திலேயே அவனுக்குக் கண் இருட்டிவிடும். ஒத்திகையில் இரண்டு முறை விழுந்தான். ஷூலின் அதற்கு நேர் எதிர். பந்து அவனிடம் நிற்காது, அவனும் எங்கும் நிற்க மாட்டான்.

முடிவெட்டி முடிந்த மாலை குழு மேலாளர் ஹாவ் இருவரையும் கூப்பிட்டு அருகருகே நிற்க வைத்துப் பார்த்தார். ஒரே உயரம், ஒரே மொட்டை. அடையாள அட்டையில் ஒட்டியிருந்த போட்டோவிலோ இரண்டு பேருக்கும் காது மறைய முடி.

"பெத்த தாயே திணறுவா" என்றார் ஹாவ். "ஷூலின், தேர்வன்னிக்கு நீ காலைல உனக்கு ஓடு. மத்தியானம் இவன் பனியனைப் போட்டுக்கிட்டு இவனுக்கு ஓடு."

லுவான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஷூலின் முகத்தைப் பார்த்தான். ஷூலின் தோளைக் குலுக்கினான். அவ்வளவுதான் பேச்சு.

மத்தியானம் லுவான் தன் அறை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, தன் எண்ணைச் சுமந்துகொண்டு வேறொருவன் ஓடுவதைப் பார்த்தான். கடைசிச் சுற்றில் அந்த எண் தள்ளாடியது. கோட்டைத் தாண்டிப் போய், கொடிக்கம்பத்தின் அடியில் குனிந்து ரத்தமாகத் துப்பியது. மழை அதைக் கழுவிவிட்டது. லுவான் தேறிவிட்டான்.

ஒரு மாதம் போயிற்று. ஷூலின் வரவில்லை. அவன் ஊர் டாலியனுக்கு வடக்கே, சுவாங்ஹே கடலோரம். அங்கே போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. கோடையில் சங்கம் அணிப் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டது. அந்தக் கோடையில்தான் முதல்முறையாக லுவானுக்கு அது கேட்டது.

ஆட்டம் முடியும் தறுவாய். கால் கனத்து, போதும், நடக்கலாம் என்று நினைத்தான். பிடரிக்குப் பின்னால் மூச்சு விழுந்தது. இரண்டு சின்ன இழுப்பு, ஒரு நீள விடுப்பு, விடும்போது லேசான விசில். பழைய ஆட்டமொன்றில் உடைந்த ஷூலினின் மூக்கிலிருந்து வரும் விசில். நான்கு வருடம் பக்கத்துக் கட்டிலில் அவன் கேட்டுத் தூங்கிய மூச்சு. திரும்பிப் பார்த்தான். பத்தடிக்கு யாரும் இல்லை. ஓடினான். ஓடினால் அது பின்தங்கியது. வேகம் குறைந்தால் கழுத்துக்கு வந்தது.

அப்படித்தான் லுவான் டெச்செங் ஓட்டக்காரன் ஆனான். எண்பது நிமிடத்துக்கு மேல்தான் அவனுக்கு ஆட்டமே தொடங்குகிறது என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த வருடத்துத் தேர்வில் அணியிலேயே முதலாவதாக வந்தான். என்ன தின்கிறான் என்று மற்ற அணிக்காரர்கள் விசாரித்தார்கள். குவான் மட்டும் ஒருநாள் குளியலறையில் சோப்பு நுரைக்குள்ளிருந்து சொன்னான்: "பேய் துரத்தற மாதிரி ஓடறியேடா." லுவான் சிரிக்கவில்லை. குவான் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

பன்னிரண்டு பருவம் ஆடினான். டிராம் ஓட்டும் சூ யான்மெய்யைக் கட்டிக்கொண்டான். முழங்கால் விட்டுப்போனதும் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு லுவான் மாஸ்டர் ஆனார். முதலில் இளைஞர் அணி, பிறகு இரண்டாம் பிரிவில் தத்தளித்த ஒரு சங்கம். மற்ற மாஸ்டர்கள் மைதானத்து நடுவில் நின்று விசில் ஊதினால், இவர் கடைசியாக ஓடுகிறவனுக்கும் பின்னால் ஓடினார். தமக்குப் பின்னால் வருவதை ஆட்டக்காரர்கள் பக்கம் விடக்கூடாது என்பதைப் போல.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. அணியை விட்டு யார் போனாலும், நல்ல விலைக்கு விற்கப்பட்டவனோ, உதவாது என்று கழிக்கப்பட்டவனோ, அவனுக்கு வஞ்சிர மீன் கொழுக்கட்டை அவித்து, சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பார். ஒன்று மிஞ்சினாலும் விடமாட்டார். யான்மெய் மாவு பிசைந்து பிசைந்து அலுத்துப்போனாள்.

"இவங்க சங்கத்துல சம்பளம் லேட்டாகும், கொழுக்கட்டை மட்டும் லேட்டாகாது" என்று டிராம் டெப்போவில் சொல்லிச் சிரிப்பாள்.

கடைசிப் பருவத்தில் சங்கம் விலை கொடுத்து, களத்தின் ஓரமாக ஓடி ஆடும் ஒரு விங்கரை வாங்கியது. தொடக்கத்தில் சங்கத்து மருத்துவர் வைத்த ஓட்டப் பரிசோதனைக்கு அவன் தசைப்பிடிப்போடு வந்தான். ஒப்பந்தப்படி தேறினால்தான் களம். துணைத் தலைவர் லுவானைத் தனியே அழைத்து, ஓட்டத்தை அளக்க இடுப்பில் கட்டுகிற கருவியை வேறொருவன் கட்டிக்கொண்டு ஓடிவிடட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். லுவானுக்கு ஓடாமல் நிற்கும்போதே அன்றைக்கு அந்த மூச்சு கேட்டது.

"அவனவன் கால்ல அவனவன் ஓடணும்" என்றார். "இல்லேன்னா எனக்கு ஆள் வேண்டாம்."

விங்கர் இல்லாமல் அணி தோற்றது. மறுபடி தோற்றது. சொந்த மைதானத்தில் மேற்குப் பக்கத்துக் கூட்டம் எழுந்து நின்று, பயிற்சியாளர் தலை உருள வேண்டும் என்றால் போடும் அந்தக் கோஷத்தைப் போட்டது: "லுவான், வகுப்பு முடிஞ்சுது! லுவான், வகுப்பு முடிஞ்சுது!" ஊரே சேர்ந்து மணியடித்து வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பியது.

அன்று யான்மெய் அவருக்கே கொழுக்கட்டை வைத்தாள். அவர் தொடவில்லை.

"இத்தனை வருஷமா பாக்கறேன்" என்றாள். "தெருவுல நடந்தாலும் ஒரு தடவை திரும்பிப் பாக்கறீங்க. நான் கண்ணாடி வச்ச வண்டி ஓட்டறவ, எனக்குத் தெரியாதா? பின்னாடி யாரு வர்றா?"

அவர் சொன்னார். மொட்டை, பனியன், கொடிக்கம்பம், குவளை எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிவில் அவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: ஷூலின் உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்தால் போதும். இருந்தால், தான் கேட்பது ஒரு மனிதனின் மூச்சு. இல்லையென்றால் அது எதன் மூச்சு?

"அன்னிக்குக் குடுக்க வேண்டியதை இன்னிக்குக் குடுத்துட்டு வாங்க" என்றாள் யான்மெய். "போகச் சொல்லாம எப்படிப் போவாரு?"

சுவாங்ஹே கடலோரத்தில் சோங் வீடு பூட்டிக் கிடந்தது. சுவரோரம் சிப்பி ஓடுகள் இடுப்பளவுக்குக் குவிந்திருந்தன. பக்கத்து வீட்டம்மா சிப்பி உடைத்துக்கொண்டே பேசினாள். நெஞ்சை அறுத்தார்களாம், பிழைத்தானாம். பிறகு கொரியாவுக்குப் போனானாம், அங்கிருந்து ஏதோ தூரக் கடல் மீன் கப்பலாம். அம்மா செத்ததற்குக்கூட வரவில்லை.

"இருந்தா வருவான். வரலேன்னா இல்லேன்னு வச்சுக்க வேண்டியதுதான்" என்றாள்.

லுவான் கொழுக்கட்டைப் பெட்டியை அவளிடம் கொடுத்து, உறைபெட்டியில் வைக்கச் சொன்னார். போன் நம்பரையும் கொடுத்தார். வழக்கம் தெரியாமல் போகிறவனுக்கு நூடுல்ஸ் கொடுத்துவிட்டதாகவும், அது தன்னை இன்னும் விடவில்லை என்றும் சொன்னார். அவள் கத்தியை நிறுத்திவிட்டு, இந்த ஆள் குடித்திருக்கிறாரா என்று முகர்ந்து பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அதன் பிறகும் வருடங்கள் போயின. யாரும் கூப்பிடவில்லை. லுவான் ஒரு பள்ளி அணிக்கு விசில் ஊதினார். காலையில் கடலோரச் சாலையில் தனியாக ஓடினார். தனியாக என்பது யான்மெய்யின் வார்த்தை. முழங்காலுக்குக் கட்டு, தலையில் நரை. மூச்சுக்கு மட்டும் வயதாகவில்லை. அது இருபத்துமூன்று வயதிலேயே நின்றுவிட்டது.

ஜூன் மாதம் ஒருநாள் காலையில் மூடுபனி சாலையை விழுங்கியிருந்தது. துறைமுகத்தில் பனிச்சங்கு ஊதிக்கொண்டிருந்தது. பின்னால் இரண்டு இழுப்பு, ஒரு விடுப்பு, ஒரு விசில். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவர் நின்றார். தெரியாத எண்ணிலிருந்து குரல்செய்தி. போனைக் காதில் வைத்தார். முதலில் யாரோ மாடிப்படி ஏறி வந்து களைத்தவரைப்போல மூச்சு வாங்கினார். கனமான, கிழட்டு மூச்சு. அதில் விசில் இல்லை. பிறகு குரல்.

"தம்பி, ஷூலின் பேசறேன். ஊருக்கு வந்துட்டேன். நீ வச்ச கொழுக்கட்டைய அந்தம்மா பேரப்பிள்ளைங்க எப்பவோ தின்னுடுச்சுங்க, திட்டாதே. நூடுல்ஸ் நூடுல்ஸ்னு நீ என்னவோ புலம்பினியாமே, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அதை நான் தின்னவே இல்லடா. இருமல்ல எறங்கல. வண்டி மலை எறங்கும்போதே ஜன்னல் வழியாக் கொட்டிட்டேன். அன்னிக்கே போயிட்டேன் நான், அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. குவளை மட்டும் இருக்கு, அதுலதான் மீனுக்கு இரை அள்ளறேன். நெஞ்சு ஒரு பக்கம்தான் வேலை செய்யுது, தூண்டில் போட அது போதும். பந்தாட்டம் நான் பாக்கறதில்ல, டி.வி.யில வந்தாலும் மாத்திடுவேன். அதனால தெரியல, கேக்கறேன். அதுக்கப்புறம் நீயேதான் ஓடினியா?"