பதினெட்டாம் மாதச் சோதனை

2015 பிப்ரவரி 9: 41,300
2015 ஆகஸ்ட் 17: 620
2016 பிப்ரவரி 22: கண்டறிய முடியவில்லை
2016 ஆகஸ்ட் 29: கண்டறிய முடியவில்லை

இவை என் மருமகளின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு இருந்த ஹெச்.ஐ.வி. கிருமிகளின் எண்ணிக்கை. முதல் கணவர் மூலம் வந்த நோய். "அவர் எனக்கு விட்டுட்டுப் போன சொத்து இது ஒண்ணுதான் மாமா" என்பாள். அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து, எல்லாம் தெரிந்தே என் மகன் அவளை மணந்தான். அவனுக்குத் தொற்று இல்லை.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுவது அவள் வேலை. நாற்பது அடுக்குத் துணியை மேசையில் விரித்து, சாக்குக்கட்டிக் கோட்டின் மேல் இயந்திரக் கத்தியை ஓட்டுவாள். கோடு விலகினால் நாற்பது சட்டையும் வீண். அங்கே அவளைக் 'கத்திரி' என்றுதான் கூப்பிடுவார்கள். கைக்கு வைத்த பெயரா, வாய்க்கு வைத்த பெயரா என்று கேட்டால் சிரிப்பார்கள்.

அந்த வாய், நான்காவது முடிவு வந்த அன்று சிகிச்சை மையத்தில் அடைத்துப் போயிற்று. நர்ஸ் கூப்பிட்டும் அவள் பெஞ்சை விட்டு எழவில்லை.

"என்னம்மா?" என்றேன்.

"நர்ஸக்காகிட்ட ஒண்ணு கேக்கணும் மாமா. சிரிச்சுடுவாங்களோன்னு இருக்கு."

அவளுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தலையைத் திருப்பாமலே கேட்டாள். "குழந்தையா?"

மருமகள் தலையாட்டினாள்.

"நானும் மூணு வருஷமா கேக்கணும்னுதான் வர்றேன். மாத்திரைய வாங்கிட்டுப் பேசாமப் போயிடுறேன்."

"அப்ப வாங்க, சேர்ந்தே கேப்போம். திட்டு விழுந்தா ஆளுக்குப் பாதி."

இருவரும் கைகோத்துக்கொண்டு உள்ளே போனார்கள். கதவு திறந்தே இருந்தது. நர்ஸ் சிரிக்கவில்லை.

"இதக் கேக்கவா இத்தனை நாள்? தாராளமா பெத்துக்கலாம். கிருமி அடங்கியே இருக்கணும், மாத்திரைய ஒரு வேளகூட விடக்கூடாது. அப்படி இருந்தா பிள்ளைக்குத் தொத்துறது ரொம்ப ரொம்பக் குறைவு. அறவே இல்லன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

அன்றிரவு சாப்பாட்டின்போது மகன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "நூத்துல ஒண்ணுன்னாலும், அந்த ஒண்ணு நம்ம பிள்ளையா இருந்துட்டா?"

"மிச்சம் தொண்ணூத்தொம்பதுல நம்ம பிள்ளை இருக்காதா? அங்கெல்லாம் இடம் இல்லையா?" என்றாள்.

2017 அக்டோபர் 3 அன்று பேத்தி பிறந்தாள். ஆறாவது வாரமும் ஆறாவது மாதமும் எடுத்த சோதனைகளில் தொற்று இல்லை.

ஒன்பதாவது மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மகனுக்குப் பொறுக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் தெருமுனை ரத்தப் பரிசோதனைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். அரை மணி நேரத்தில் முடிவு தந்துவிட்டார்கள், தொற்று உண்டு என்று. வீட்டுக்கு வந்து வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட இருந்து போயிடுச்சுங்க" என்றாள்.

மறுநாள் மையத்தில் நர்ஸ் அந்தச் சீட்டைப் பார்த்தார். "அப்பாவாம் அப்பா! உங்கள யாருங்க அங்க போகச் சொன்னது? அந்தக் கடைக்காரன் பாத்தது கிருமிய இல்ல. அம்மா ரத்தத்துல இருந்து பிள்ளைக்கு வந்த எதிர்ப்புப் பொருள. தொற்றே இல்லாத பிள்ளைக்கும் அது இருக்கும். ஒன்றரை வயசுக்குள்ள கரைஞ்சுடும். நாங்க கிருமியவே தேடித்தான் ரெண்டு தடவ பாத்திருக்கோம். இல்லன்னுதான் வந்திருக்கு."

மருமகள் அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே கணவனின் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

"பதினெட்டு மாசம் முடியட்டும்" என்றார் நர்ஸ். "கடைசிச் சோதனை செஞ்சு எழுத்துலயே தர்றேன்."

அதுவரை காத்திருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. குழந்தை தும்மினால் மகன் முகம் வெளுக்கும். "ஒரு தும்மலுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வெக்கிறீங்க?" என்று அதட்டுவாள். ஆனால் இரவில் எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவளும் அவள்தான். மிச்சத் துணியில் பேத்திக்கு ஒரு கவுன் வெட்டினாள். கணுக்காலையும் தாண்டித் தரையில் புரண்டது.

"இவ்வளவு பெருசாவா?" என்றான் மகன்.

"வளரப்போறவதானே."

2019 ஏப்ரல் 8 அன்று கடைசியாக ரத்தம் எடுத்தார்கள். முடிவு தபாலில் வந்தது. அவள் பிரித்துப் படித்தாள், கணவனிடம் கொடுத்தாள், அவன் கையிலிருந்து வாங்கி என்னிடம் நீட்டினாள்.

"மாமா, நீங்க படிங்க. சத்தமா."

"குழந்தைக்கு ஹெச்.ஐ.வி. தொற்று இல்லை" என்று படித்தேன்.

"இன்னொரு தடவ."

இன்னொரு தடவை படித்தேன்.

கடிதம் வந்த நாள்: 2019 ஏப்ரல் 22.