ஜீப்புக்குள் வைத்த கரிச்சட்டி

"ஏனுங்க, நாலு எழுத்துப் படிச்சுட்டா சீட்டு மாட்டுறவனுக்கே பாடம் எடுப்பீங்களா?" பெர்ன்ஹில் ஊரில் வண்டிகளுக்கு சீட்டு உறை மாட்டும் கடைக்காரர் கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்.

அப்பாவின் வாடகை ஜீப்பில் துணி சீட்டுகளுக்குப் பதில் தோல் உறை மாட்டப் போயிருந்தோம். குளிரில் தோல் விறைத்து, சீட்டின் மேல் இழுபடவில்லை. கடைக்காரர் நிபுணர் அல்லவா, கரிச்சட்டியைப் பற்றவைத்து ஜீப்புக்குள் வைத்துக் கண்ணாடிகளை ஏற்றினார். "தோலு இளகட்டும். நீங்களும் உள்ளேயே உக்காந்து குளிர் காயுங்க" என்று அப்பாவையும் ஏற்றினார். மூடிய இடத்தில் கரி எரிந்தால் விஷவாயு வரும் என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி. "புகையே காணோம், விஷமாம்!" என்று சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார். அப்பாவும், "சும்மா இரு கண்ணு" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் தலை சாய்ந்தது. வெளியிலிருந்து கூப்பிட்டேன்; பதில் இல்லை. கதவைத் திறந்து வெளியே இழுத்தேன். காற்றுப் பட்டதும் கண் விழித்து வாந்தி எடுத்தார்.

"வெறும் வயிறா இருக்குமுங்க" என்றார் நிபுணர், டீ கிளாசும் கையுமாக. அவருடைய ஞானம் அவ்வளவுதான். ஆட்டோ பிடித்து அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

பிறகு உறைகளை வெயிலில் வைத்து இளக்கி நானே மாட்டிவிட்டேன். ராத்திரி குளிருக்காக எங்கள் வீட்டில் கதவடைத்து வைக்கும் கரிச்சட்டியை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே உடைத்துப் போட்டேன். அப்பா ஜன்னலைத் திறந்துவைத்தார்.