மகள் ஊரில் ஒரு படுக்கை

ஆறு வருஷமாக ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ் செய்துகொள்ளும் தையற்காரம்மா வெளியூர்ப் பக்கமே போனதில்லை. மகளுக்குக் குழந்தை பிறந்ததும், சிறுநீரக நோயாளிகளுக்கு உதவும் அறக்கட்டளை மகள் ஊர் மருத்துவமனையிலேயே அவருக்கு இலவசமாக டயாலிசிஸ் செய்ய ஏற்பாடு செய்து கடிதம் கொடுத்தது.

ரயிலில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடிதத்தைப் பிரிப்பதும் மடிப்பதுமாகவே இருந்தார்.

"எழுத்து அழிஞ்சிடப் போகுது," என்றார் கணவர்.

"போய் நின்னா, இடமில்லைன்னுட்டாங்கன்னா?"

ஸ்டேஷனிலிருந்து மகள் வீட்டுக்குப் போகாமல் நேரே மருத்துவமனைக்குப் போனார்.

நர்ஸ் பதிவேட்டைப் பார்த்து, "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வாங்கம்மா, அஞ்சாம் நம்பர் படுக்கை," என்றார்.

அந்தப் படுக்கையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

"என்னங்க, ஆடி அசைஞ்சு வர்றீங்க? பேத்தி முழிச்சிருக்கும்போதே பார்க்கணும்!" என்று கணவரை முந்திக்கொண்டு படியிறங்கினார்.