அத்தை மேடேறிய ஞாயிறு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் ஸ்டியரிங்கைப் பிடித்தவள் அப்பாவின் தங்கை. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில், ஆக்சில் பூட்டும் லைனில் வேலை. ஓ.டி. பார்த்துச் சேர்த்த காசில் பழைய ஜீப் ஒன்று வாங்கியிருந்தாள். சேரப்பணஞ்சேரிப் பக்கம் கைவிட்ட கல்குவாரியில் வருடம் ஒருமுறை நடக்கும் மேடேறும் போட்டிக்கு அதில்தான் போவாள். ஓட்டுகிறவர்களில் பெண் அவள் ஒருத்திதான்.

முதல் இரண்டு வருடமும் பாதி மேட்டில் வண்டி நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் பின்சக்கரங்கள் தவளை மாதிரி குதிக்கும். அடியில் டம் டம் என்று இடிக்கும். இரண்டாம் வருடம் சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்ட்டே முறிந்து விழுந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: காலில் பதம் இல்லை. மெக்கானிக்கான என் தாய்மாமா அதையே கொஞ்சம் நாகரிகமாக, கிளட்ச்சை மெதுவாக விட வேண்டும் என்றார். அப்பா சுற்றி வளைக்கவில்லை. இன்னொரு முறை நின்றால் வண்டியை விற்றுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் வருடம், போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் குவாரியில் ஒத்திகை பார்த்தார்கள். எனக்குப் பத்து வயது. அம்மாவின் போனில் அத்தை ஓட்டுவதை வீடியோ எடுக்கச் சொன்னால், நான் அத்தையை விட்டுவிட்டுப் பின்சக்கரத்தையே எடுத்து வைத்திருந்தேன். மாமா திட்டினார். அத்தை போனை வாங்கி, மெதுவாக ஓடவிட்டு நாலைந்து முறை பார்த்தாள். சக்கரம் மண்ணைப் பிடித்த நொடியில், இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஆக்சில் இருந்த இடத்திலேயே உருண்டு மூக்கைத் தூக்கியது. அதைத் தாங்கும், வில்போல வளைந்த கமான் பட்டை பாம்பாய் நெளிந்து, சட்டென்று நிமிர்ந்தது. அந்த உதறலில்தான் சக்கரம் குதித்தது.

"இப்ப சொல்லுங்க, என் கால்ல இன்னா தப்பு கீது?" என்று மாமாவைக் கேட்டாள்.

மாமா வெல்டிங் மிஷினை எடுத்தார். ஆக்சிலிலிருந்து முன்பக்கமாகத் தடித்த இரும்புக் குழாய் ஒன்றை வைத்து, அதன் மறுமுனையை வண்டியின் அடிச்சட்டமான சேஸில் அப்படியே பற்றவைக்கப் பார்த்தார். அத்தை விடவில்லை. பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது ஆக்சிலும் கொஞ்சம் முன்னே பின்னே நகரும், இரண்டு முனையையும் இறுக்கினால் ஏதாவது ஒன்று உடையும் என்றாள். முன்முனையைச் சின்ன இரும்புத் துண்டு ஒன்றில் ஊஞ்சல்போலத் தொங்கவிடச் சொன்னாள். அப்போது குழாய் முன்னே பின்னே ஆடலாம், ஆனால் மேலே எழும்ப முடியாது, ஆக்சிலும் உருளாது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு மாமா அப்படியே செய்தார். பிறகு அதைத் தன்னுடைய யோசனை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். அத்தை மறுக்கவும் இல்லை.

போட்டி அன்றைக்கு, வேலை இருக்கிறது, வரமுடியாது என்றிருந்த அப்பா எங்களுக்கு முன்பே குவாரியில் வந்து நின்றிருந்தார். வண்டி கிளம்பியது. பாதி மேட்டில், வழக்கமான அந்த இடத்தில், கூட்டம் சிரிக்கத் தயாரானது. சக்கரம் குதிக்கவில்லை. அத்தை காலை எடுக்கவும் இல்லை. வண்டி ஒரே சீராக ஏறி உச்சிக்குப் போய் நின்றது.

கைதட்டல் ஓய்ந்த பிறகும் அவள் இறங்கி வரவில்லை. நான் மூச்சிரைக்க மேலே ஓடினேன். எஞ்சின் அணைந்திருந்தது. அத்தை இரண்டு கைகளையும் ஸ்டியரிங்மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா அத்த, வண்டி நின்னுடுச்சா?"

"இல்லடி. நான் நிறுத்தினேன்."

அதைச் சொல்லும்போது அவள் கண் ஏன் கலங்கியிருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. ஜெயித்தவர்கள் அழமாட்டார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்த வயது. கண்ணில் தூசி விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, ஊதிவிடுவதற்காக இருக்கைமேல் ஏறினேன்.