மனைக்கல்லுக்கு நடுவே மேய்ச்சல்

மாடு மேய்ப்பது சுலபமான வேலை என்று சொல்பவர்கள், மேய்க்க இடம் தேடி அலையாதவர்கள். பாகூர் பக்கம் மூன்று கறவை மாடுகளை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறேன். மாடு வைத்திருக்கும் உங்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும். மற்றவர்கள் காபியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

எங்கள் ஊர்க் கரும்புக் கொல்லையை மனை போட்டு ‘நகர்’ ஆக்கிவிட்டார்கள். வீடுகள் வரும்வரை அங்கே குடியிருந்தது புல்தான். என் மாடுகளுக்கு இருக்கும் ஒரே மேய்ச்சலும் அதுதான்.

புரோக்கரின் புல்வெளி

மாடுகளை அங்கே விடச் சொன்னவரே மனை விற்கும் புரோக்கர் ஏழுமலைதான். பாசம் ஒன்றுமில்லை, புல் வெட்டும் கூலி அவருக்கு மிச்சம். ஞாயிற்றுக்கிழமை மனை பார்க்க ஆள் வருகிறார்கள், சுத்தமாக மேய்த்து வை என்றார். மேய்த்தேன். ஆனால் மாடு, தான் சாணி போட்ட இடத்தைச் சுற்றி இருக்கும் புல்லில் வாய் வைக்காது. எவ்வளவு பச்சையாக இருந்தாலும் ஒதுக்கிவிடும். அதனால் மனையெல்லாம் அங்கங்கே கொத்துக் கொத்தாகப் புல் நின்றது.

ஏழுமலை வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “இன்னாம்மா இது, அரைகுறையா செரைச்ச தல மாரி கீது? ஒரே சமமா மேயச் சொல்லக் கூடாதா?”

மழைக்குப் பிறகு

மழை விட்டால் அந்த மனைகளில் ஈரம் லேசில் வற்றாது. மேலே புல் மூடியிருப்பதால் வெளியே தெரியாது. மாட்டுக்குத் தெரியும். மேய்ந்து முடித்தால் காய்ந்த தரை பார்த்துத்தான் படுத்து அசை போடும். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றும் தார் ரோட்டில் படுத்திருந்தன. மனை பார்க்க வந்த அரியாங்குப்பத்துக்காரர், இவ்வளவு இடம் கிடக்க மாடெல்லாம் ஏன் ரோட்டில் படுத்திருக்கிறது என்று கேட்டார். நல்ல கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை முந்திக்கொண்டார்.

“அதுங்களுக்கே நம்ம நகர் ரோடு அவ்ளோ புடிச்சிப்போச்சி சார்.”

கிரகப்பிரவேசம்

அரியாங்குப்பத்துக்காரர் மனையை வாங்கி, முள்கம்பி கட்டி, வீட்டையும் எழுப்பினார். கம்பிக்குள் தலையை விட்ட என் செவலைப் பசுவைச் செங்கல் துண்டால் அடித்தார். கொம்படியில் ரத்தம். அதே மனுஷன் ஒரு நாள் பல்லை இளித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். கிரகப்பிரவேசத்துக்குக் கன்றோடு பசு வேண்டுமாம்.

முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் வீட்டை ஒட்டி அவர் மச்சானுடைய மனை காலியாகக் கிடந்தது. அந்தப் பக்கத்தில் மிஞ்சியிருந்த நல்ல புல் அங்கேதான். காசு வேண்டாம், அங்கே மேய்த்துக்கொள்கிறேன் என்றேன். தாராளமாக மேய்த்துக்கொள் என்றார்.

செவலையைக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, கன்றோடு ஓட்டிப் போனேன். வாசலில் கட்டியிருந்த வாழை இலையைக் கிழித்துத் தின்றது, யாரும் அதட்டவில்லை. புது டைல்ஸ் போட்ட கூடத்தின் நடுவில் சாணி போட்டது. வீட்டுக்கார அம்மா, மகாலட்சுமியே வந்துவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுவாரம் மச்சான் மனைக்கு மாடுகளை ஓட்டிப் போனால், சுற்றிலும் புது முள்கம்பி. கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அரியாங்குப்பத்துக்காரர் முகமெல்லாம் சிரிப்பு. “எல்லாம் உன் மாடு வந்துபோன ராசிதாம்மா, மச்சானும் வூடு கட்ட ஆரம்பிச்சிட்டாரு. அவரு கிரகப்பிரவேசத்துக்கும் நீதான் ஓட்டிக்கினு வரணும்.”

இப்படியே போனால் இந்த நகரில் என் செவலையின் கால் படாத கூடம் ஒன்றும் இருக்காது, அது வாய் வைக்க ஒரு பிடி புல்லும் இருக்காது.